நகரத்துக்குள் நுழைந்ததும் மைலேஜ் பாதியாவது ஏன்?

வாகனப் பக்கம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மேடவாக்கத்திலிருந்து வேளச்சேரி வழியாகக் கிண்டியில் உள்ள அலுவலகத்துக்கு நாள்தோறும் காரில் போய்வருகிறேன். ஒரு வழி சுமார் 12 கிலோமீட்டர். காலை வேளையில் 55 நிமிடம் ஆகிறது. என்னுடையது 2021இல் வாங்கிய 1.5 லிட்டர் பெட்ரோல் செடான், மேனுவல் கியர். வாங்கும்போது லிட்டருக்குக் கிட்டத்தட்ட 18 கி.மீ. என்றார்கள். ஊருக்குள் 10ஐத் தாண்டுவதே இல்லை. ஆனால் திருச்சிக்குப் போனால் அதே வண்டி 18 கொடுக்கிறது. சர்வீஸ் நிலையத்தில், எஞ்சினுக்குள் பெட்ரோலைத் தெளிக்கும் இஞ்செக்டரைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று பணம் வாங்கினார்கள். செய்த பிறகும் மாற்றம் இல்லை. வண்டியில் என்ன கோளாறு இருக்கக்கூடும்?
- ஒரு வாசகர், மேடவாக்கம், சென்னை

பதில்: பதிலில் பாதியை உங்கள் கடிதமே சொல்லிவிடுகிறது. திருச்சி சாலையில் அதே எஞ்சின், அதே இஞ்செக்டர்களுடன் லிட்டருக்கு 18 கி.மீ. ஓடுகிறது என்றால் எஞ்சின் நலமாக இருக்கிறது என்று பொருள். பரனூர் சுங்கச்சாவடியைத் தாண்டியதும் தானாகத் திறந்துகொண்டு, ஊர் திரும்பியதும் அடைத்துக்கொள்ளும் இஞ்செக்டர் எதுவும் கிடையாது. அதற்குக் கொடுத்த பணம் வீண் என்றே சொல்ல வேண்டியிருக்கிறது.

லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று அளந்து பழகிவிட்டதால், ஓடிய தூரத்தை மட்டும் பார்த்துப் பெட்ரோல் செலவாகிறது என்று நினைத்துக்கொள்கிறோம். நெடுஞ்சாலையில் அது ஏறக்குறைய உண்மை. நகரத்தில் எஞ்சின் எவ்வளவு நேரம் ஓடிக்கொண்டிருந்தது, வண்டி எத்தனை முறை நின்று கிளம்பியது என்ற இரண்டும் தூரத்துக்குச் சமமான கணக்காகிவிடுகின்றன. உங்கள் காலைப் பயணத்தையே எடுத்துக்கொண்டு இதைத் தோராயமாகப் போட்டுப் பார்க்கலாம்.

முதலில் நின்ற நேரம். 55 நிமிடத்தில் சிக்னலிலும் நெரிசலிலும் அசையாமல் நிற்பது 20 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சாலையை அறிந்தவர்கள் இதை மிகை என்று சொல்ல மாட்டார்கள். 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், ஏ.சி. போட்ட நிலையில் சும்மா நின்று ஓடினாலே மணிக்குச் சுமார் 1 லிட்டர் எரிக்கும். ஆகவே 20 நிமிடத்துக்கு 330 மில்லி லிட்டர் போய்விட்டது. வண்டி ஓர் அடிகூட நகரவில்லை.

அடுத்தது நின்று கிளம்பிய கணக்கு. ஆட்களோடு சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள வண்டியை நின்ற நிலையிலிருந்து மணிக்கு 30 கி.மீ. வேகத்துக்குக் கொண்டுவர ஏறத்தாழ 42 கிலோ ஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32,000 கிலோ ஜூல் இருக்கிறது என்றாலும், நகர ஓட்டத்தில் அதில் ஐந்தில் ஒரு பங்குதான் சக்கரத்துக்கு வந்து சேர்கிறது என்று கொண்டால், ஒவ்வொரு கிளம்பலுக்கும் 6 முதல் 7 மில்லி செலவு. அடுத்த பிரேக்கில் அந்த ஆற்றல் முழுவதும் பிரேக் டிஸ்க்கில் சூடாகிக் காற்றோடு போகிறது. 12 கிலோமீட்டரில் 40 முறை இப்படி நடந்தால் 270 மில்லி. வேகம் இரட்டித்தால் இந்த ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். இரண்டு சிக்னல்களுக்கு நடுவே கிடைத்த இடைவெளியில் 60 வரை விரட்டிப் பிறகு அழுத்திப் பிரேக் போடுபவர், ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 26 மில்லியைச் சாலையில் கொட்டிவிட்டு, அதே சிவப்பு விளக்கின் முன்னால் வந்து நிற்கிறார்.

இவை போக, உள்ளபடியே 12 கிலோமீட்டர் உருண்டதற்கான செலவு. லிட்டருக்கு 20 கி.மீ. என்று தாராளமாகவே வைத்தாலும் 600 மில்லி ஆகிறது. மூன்றையும் கூட்டினால் 1,200 மில்லி; 12 கிலோமீட்டருக்கு 1.2 லிட்டர் என்பது லிட்டருக்கு 10 கி.மீ. நீங்கள் எழுதியிருக்கும் எண்ணும் அதுவே. எந்தக் கோளாறையும் சேர்க்காமலே கணக்கு சரியாகிவிடுகிறது.

செடானுக்கு மட்டும் இந்த வீழ்ச்சி கூடுதலாகத் தெரிவதற்கு அதன் உடலமைப்பே காரணம். தாழ்ந்து, நீண்டு, பின்பக்கம் சரிந்த அந்த வடிவம் காற்றைக் கிழித்துச் செல்வதற்காக இழைக்கப்பட்டது. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் காற்று தரும் எதிர்ப்பு, டயர் உருள்வதில் வரும் எதிர்ப்பைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அங்கே உயரமான எஸ்.யூ.வி.க்களைச் செடான் எளிதாக வென்றுவிடும். 30 கி.மீ. வேகத்திலோ காற்றின் எதிர்ப்பு டயர் எதிர்ப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. வேளச்சேரியில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது அந்த அழகிய சரிவால் ஒரு சொட்டுகூட மிச்சமாவதில்லை. மிஞ்சுவது எடையும் பெரிய எஞ்சினும்தான். பக்கத்து வீட்டுக்காரரின் 1 லிட்டர் சிறிய கார் ஊருக்குள் மைலேஜில் உங்களை முந்துவதும், திருச்சி சாலையில் இருவரும் ஏறக்குறைய சமமாகிவிடுவதும் இதனால்தான்.

எஞ்சினின் அளவைப் பற்றி இன்னும் சற்றுச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மேலே சொன்ன ‘ஐந்தில் ஒரு பங்கு’ என்பது அங்கிருந்துதான் வருகிறது. மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் சமதளத்தில் சீராகச் செல்ல உங்கள் வண்டிக்குத் தேவைப்படுவது ஏறத்தாழ 2 குதிரைத் திறன். ஆனால் உள்ளே இருப்பது நூறு குதிரைத் திறனுக்கு மேல் தரவல்ல எஞ்சின். கல்யாணச் சமையலுக்கு மூட்டிய கோட்டை அடுப்பில் ஒரு டம்ளர் காப்பியைச் சூடாக்குவது போன்றது இது. பெட்ரோல் எஞ்சினில் ஆற்றலைக் குறைக்க வேண்டுமானால் காற்று நுழையும் வழியில் இருக்கும் த்ராட்டில் வால்வை ஏறக்குறைய மூட வேண்டும். மூடிய வழியாகக் காற்றை உறிஞ்சுவதற்கே பிஸ்டன்கள் தம் உழைப்பில் ஒரு பகுதியைச் செலவிடுகின்றன. உட்பாகங்களின் உராய்வும், தண்ணீர்ப் பம்பும், ஆல்டர்னேட்டரும் வேகம் குறைந்ததற்காகத் தம் பங்கை விட்டுக்கொடுப்பதில்லை. நல்ல சுமையில், நடுத்தரச் சுழற்சியில் பெட்ரோலின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேலையாக மாற்றும் அதே எஞ்சின், இப்படிப்பட்ட மெல்லிய வேலையில் அதில் பாதியைத்தான் எட்டுகிறது. டீசல் எஞ்சினில் காற்றை அடைத்து ஆற்றலைக் குறைக்கும் ஏற்பாடு இல்லாததால், அந்த வண்டிகளின் மைலேஜ் ஊருக்குள் இந்த அளவுக்கு விழுவதில்லை.

வாங்கும்போது சொன்ன 18 பொய்யா என்றால், அதுவும் இல்லை. புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை நிலையங்களில், அசையாமல் நிறுத்திய வண்டியின் சக்கரங்களை உருளைகளின் மேல் ஓடவிட்டு அந்த எண் எடுக்கப்படுகிறது. சோதனை 20 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவானது. 10 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரம். உச்ச வேகம் 90 கி.மீ.; நிற்கும் நேரத்தையும் சேர்த்தே சராசரி வேகம் மணிக்குச் சுமார் 32 கி.மீ. ஏ.சி. ஓடாது. உங்கள் காலைப் பயணத்தின் சராசரி 13 கி.மீ., அதுவும் ஏ.சி.யுடன். அந்த எண் வண்டிகளைத் தமக்குள் ஒப்பிட உதவும். உங்கள் பெட்ரோல் செலவைக் கணிக்க உதவாது. விற்பனையாளர்கள் இந்த வேறுபாட்டை விளக்கிச் சொல்வதில்லை என்பதில் எனக்கும் வருத்தம் உண்டு.

உண்மையான கோளாறு எப்போது என்று கேட்டால், நெடுஞ்சாலை மைலேஜும் சேர்ந்து விழும்போது என்பேன். அப்போது டயர்க் காற்றைக் காலையில், வண்டி ஓடுவதற்கு முன், ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதிகம் பிரேக் போடாமல் சிறிது தூரம் ஓட்டி நிறுத்திய பின், நான்கு சக்கரங்களுக்கும் அருகே கையைக் கொண்டுபோனால் ஒன்று மட்டும் அனலாக அடிக்கிறதா என்று தெரியும். அடித்தால் அந்தப் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. எஞ்சின் வெப்பமானி எவ்வளவு ஓட்டினாலும் நடுவுக்கு ஏறாமல் தாழ்வாகவே நின்றால், குளிர்விப்பு நீரின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டைச் சந்தேகிக்கலாம். ஏர் ஃபில்டர் அழுக்கானால் மைலேஜ் விழும் என்பது காற்றையும் பெட்ரோலையும் கலந்து அனுப்பிய கார்புரேட்டர் காலத்துப் பாடம்; இன்றைய இஞ்செக்‌ஷன் வண்டியில் அதனால் முடுக்கம்தான் மந்தமாகும். கூடவே, டேஷ்போர்டுத் திரை காட்டும் எண்ணை நம்பிக் கவலைப்படவோ மகிழவோ வேண்டாம். ஒரே பெட்ரோல் பங்கில், குழாய் தானாக நிற்கும் வரை நிரப்பி, மீண்டும் அதே போல் நிரப்பும்போது ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுத்து, அப்படி மூன்று நான்கு முறை பார்த்தால்தான் சரியான கணக்கு வரும்.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: 20 நிமிடம் முன்னதாகவோ, ஒரு மணி நேரம் தாமதித்தோ கிளம்ப முடிந்தால் ஒரு வாரம் முயன்று பாருங்கள். 55 நிமிடப் பயணம் 35 நிமிடமானால், மேலே போட்ட கணக்கின் முதல் இரண்டு வரிகளும் பாதியாகி, லிட்டருக்கு 13 கி.மீ. வரை கிடைக்கும். எந்தச் சர்வீஸ் நிலையமும் இவ்வளவைத் தர முடியாது.

கேள்வி: நானும் என் மனைவியும் ஓய்வு பெற்றவர்கள். சிறிய செடான் வைத்திருக்கிறோம். கோவில், காய்கறிக் கடை, மருத்துவர் என்று எல்லாமே வீட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள். நெரிசலான நேரத்தில் போவதில்லை, மெதுவாகவே ஓட்டுகிறேன். ஆண்டுக்கு 2,000 கி.மீ.தான் ஓடுகிறது. இருந்தும் லிட்டருக்கு 9 கி.மீ.க்கு மேல் வரவில்லையே, ஏன்?
- ஒரு வாசகர், மதுரை

பதில்: உங்கள் வண்டி ஒருநாளும் முழுச் சூட்டுக்கு வருவதே இல்லை. எஞ்சின் நன்றாக இயங்க அதன் குளிர்விப்பு நீர் 90 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். மதுரை வெயிலே ஆனாலும், நிழலில் நின்ற வண்டி 30, 35 டிகிரியிலிருந்துதான் தொடங்குகிறது. 90ஐ எட்டும் வரை, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் வழக்கத்தைவிடக் கூடுதலாகப் பெட்ரோலைத் தெளிக்கிறது. எஞ்சின் ஆயில் தடித்திருப்பதால் உராய்வும் அதிகம். புகையைச் சுத்தப்படுத்துவதற்காகப் புகைக்குழாயில் உள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டரை விரைவில் சூடேற்றுவதற்காகச் சுழற்சியும் சற்று உயர்த்தியே வைக்கப்படுகிறது. இந்த நிலை நீங்குவதற்குச் சில கிலோமீட்டர் ஓட வேண்டும். நீங்களோ இரண்டாவது கிலோமீட்டரில் வண்டியை அணைத்துவிடுகிறீர்கள். திரும்பி வருவதற்குள் எஞ்சின் ஆறிப்போய், அதே செலவு மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது.

வீட்டு வாசலில் பத்து நிமிடம் எஞ்சினைச் சூடேற்றிக் கிளம்புவது இதற்கு மருந்தாகாது, வீண் செலவாகும். மூன்று வேலைகளை ஒரே சுற்றில் முடித்துக்கொண்டு வந்தால் பலன் தெரியும். பணக் கணக்கையும் பார்த்துவிடலாம்: 2,000 கி.மீ.க்கு 9 வீதம் 222 லிட்டர். 14 வீதம் கிடைத்திருந்தால் 143 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று கொண்டால் ஆண்டுக்கு எட்டாயிரம் ரூபாய்க்குள் அடங்கும் இழப்பு இது. இதற்காகச் சோதனை, சுத்திகரிப்பு என்று யாரிடமும் வண்டியை ஒப்படைக்க வேண்டாம். மாதம் ஒருமுறை அழகர்கோவில் வரை போய்வந்தால் பேட்டரிக்கும் ஆயிலுக்கும் நல்லது; உங்களுக்கும் ஒரு மாற்றமாக இருக்கும்.

கேள்வி: கோவை அவிநாசி சாலையில் புதிய மேம்பாலத்தின் மேல் முழுத் தூரமும் போனால் என் செடான் லிட்டருக்கு 17 காட்டுகிறது, கீழ்ச் சாலையில் அதே தூரத்துக்கு 11தான். மேலே ஏறுவதற்கும் பெட்ரோல் செலவாகுமே, எப்படி இது? அடுத்த வண்டியாக, எஞ்சினோடு மின்மோட்டாரும் உள்ள ஹைபிரிட் செடான் வாங்கலாமா என்றும் யோசிக்கிறேன்.
- ஒரு வாசகி, பீளமேடு, கோயம்புத்தூர்

பதில்: 2025 அக்டோபரில் திறக்கப்பட்ட ஜி.டி. நாயுடு மேம்பாலம் 10.1 கி.மீ. நீளமுடையது, உப்பிலிபாளையத்தில் ஏறினால் கோல்டுவின்ஸ் வரை சிக்னல் கிடையாது. முதல் கேள்விக்கான பதிலில் உள்ள நின்ற நேரம், நின்று கிளம்பிய எண்ணிக்கை என்ற இரண்டு வரிகளையும் அந்தப் பாலம் அடித்துவிடுகிறது. ஏறுவதற்குச் செலவான ஆற்றலில் பெரும்பகுதி இறங்கும்போது திரும்பக் கிடைத்துவிடும். சிவப்பு விளக்கில் பிரேக் போட்டு இழந்தது திரும்பாது. ஒரே சாலை, ஒரே வண்டி, ஒரே ஓட்டுநர் என்று சாலையோட்டத்தை மட்டும் மாற்றிப் பார்த்த உங்கள் கணக்கைவிடத் தெளிவான சோதனையை நானும் சொல்லிவிட முடியாது.

பிரேக்கில் இழக்கும் ஆற்றலைத் திரும்பப் பிடிப்பதுதான் ஹைபிரிட்டின் வேலை. வேகம் குறையும்போது மோட்டார் ஜெனரேட்டராக மாறி பேட்டரியில் சேமிக்கிறது. நிற்கும்போதும் ஊரும்போதும் எஞ்சின் பெரும்பாலும் அணைந்திருக்கிறது. இந்தியாவில் 2022இல் வந்த ஹோண்டா சிட்டி ஹைபிரிட்டின் சோதனை எண் 26.5 கி.மீ.; அதே காரின் சாதாரணப் பெட்ரோல் மேனுவலுக்கு 17.8. இந்த இடைவெளியில் பெரும்பங்கு நகர ஓட்டத்தில் கிடைப்பது. ஆகவே தினமும் கீழ்ச் சாலையில் நெடுநேரம் ஓட்டுபவருக்கு ஹைபிரிட் பொருந்தும். பெரும்பாலும் மேம்பாலத்திலும் சேலம் நெடுஞ்சாலையிலும் ஓட்டுபவரானால், கூடுதல் விலை திரும்பி வருவதற்குப் பல ஆண்டுகள் ஆகும். ‘மைல்டு ஹைபிரிட்’ என்று விற்கப்படுபவற்றை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அவற்றில் உள்ள சிறிய மோட்டார் எஞ்சினுக்குக் கை கொடுக்குமே தவிர, வண்டியைத் தனியாக இழுக்காது.

கேள்வி: எத்தனால் கலந்த பெட்ரோல்தான் மைலேஜைப் பாதியாக்கிவிட்டது என்று எல்லோரும் சொல்கிறார்களே?
- ஒரு வாசகர், சேலம்

பதில்: குறைக்கிறது, பாதியாக்கவில்லை. எத்தனாலில் ஒரு லிட்டருக்கு உள்ள ஆற்றல் பெட்ரோலில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. 20 விழுக்காடு கலந்தால் லிட்டருக்கு 6 முதல் 7 விழுக்காடு ஆற்றல் குறையும். பழைய பெட்ரோலுக்காக வடிவமைத்து, 10 விழுக்காடு கலப்புக்கு ஏற்பச் சரிசெய்யப்பட்ட நான்கு சக்கர வாகனங்களில் 6 முதல் 7 விழுக்காடு இழப்பு இருக்கும் என்று நிதி ஆயோக்கின் 2021ஆம் ஆண்டு அறிக்கையும் மதிப்பிட்டது. அதாவது 15 கொடுத்த வண்டி 14 கொடுக்கும். 18 கொடுத்தது 10 ஆனதற்கு எத்தனாலைக் குற்றவாளியாக்க முடியாது. தவிர, நெடுஞ்சாலையில் ஓடும்போதும் டேங்கில் இருப்பது அதே பெட்ரோல்தான்.

கேள்வி: இறக்கத்திலும், சிக்னலை நெருங்கும்போதும் வண்டியை நியூட்ரலில் விட வேண்டும் என்று அப்பா சொல்வார்; அம்பாசடர் ஓட்டியவர். சிக்னலில் எஞ்சினை அணைக்கவும் சொல்வார். இந்தக் காலத்து வண்டிக்கு இவை பொருந்துமா?
- ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: முதலாவது பொருந்தாது, இரண்டாவது பொருந்தும். உங்கள் அப்பாவின் அம்பாசடரில் கார்புரேட்டர் இருந்திருக்கும். எஞ்சின் சுழலும் வரை அது பெட்ரோலை விட்டுக்கொண்டே இருக்கும் என்பதால், நியூட்ரலில் சுழற்சியைக் குறைப்பது அன்று சிக்கனம். இன்றைய இஞ்செக்‌ஷன் வண்டியில் கியரை எடுக்காமல் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரமே எஞ்சினைச் சுழற்றுவதால் கம்ப்யூட்டர் பெட்ரோலை அறவே நிறுத்திவிடுகிறது. சுழற்சி, எஞ்சின் சும்மா நின்று ஓடும் ‘ஐடில்’ அளவை ஏறக்குறைய நெருங்கும்போதுதான் மீண்டும் திறக்கிறது. நியூட்ரலுக்கு மாற்றிய கணமே ஐடில் செலவு தொடங்கிவிடுகிறது. இறக்கத்தில் எஞ்சினின் பிடிமானமும் போய்விடுவதால் அது ஆபத்தும்கூட.

சிக்னலில் அணைப்பதைப் பொறுத்தவரை, 10 விநாடிக்கு மேல் நிற்பதாக இருந்தால் அணைப்பதே லாபம். மறுபடி கிளப்புவதற்கு அதைவிடக் குறைந்த பெட்ரோலே செலவாகும். விநாடிகளை இறங்கு வரிசையில் காட்டும் சிக்னலில் 30க்கு மேல் இருந்தால் தயங்காமல் அணைக்கலாம். அணைத்தால் ஏ.சி. கம்ப்ரஸரும் நின்றுவிடும் என்பதால், சித்திரை வெயிலில் அப்பாவின் பேச்சை எத்தனை சிக்னல் வரை கேட்பது என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.